துறைமுகத்துச் சாப்பாடு – 14: இலையும் கோழியும் முதலில்

“புறொய்லர் கோழி திண்டுதானே இந்தப் பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் வருது? நீங்கள் அதையே சாப்பிடச் சொல்லி எழுதப் போறீங்களோ?”

பிசிஓஎஸ் என்ற சூலகத் தொல்லை பற்றியும், அது உள்ளவர்களுக்குப் பொருந்தக்கூடிய ஒரு லெபனான் கோழிச் சலாது பற்றியும் இந்த வாரம் எழுதுவதாகச் சொன்னதும் திருகோணமலைப் பக்கத்துச் சல்லியில் ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. மகளின் ஸ்கான் அறிக்கை வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் கோழி வாங்குவதில்லை. கோழிக்குப் பதிலாக என்ன வந்தது என்று கேட்டேன். காலையில் பாண், இரவில் ரொட்டி, பின்னேரம் பிள்ளை பசிக்குது என்றால் நூடில்ஸ். கோழியை விரட்டிவிட்டு மாவைக் கூட்டி வந்திருக்கிறோம்.

கோழிப் பயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். எங்கள் வீடுகளில் வைத்தியர் சொல்வதைவிட அது உரத்துப் பேசுகிறது.

பயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 1947இல் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கைப் பெண் ஹோர்மோனைக் கோழிச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் வில்லையாக வைக்க அனுமதி கொடுத்தார்கள். இறைச்சி கொழுத்து மிருதுவாகும் என்பதற்காக. 1959இல் அந்த நாட்டு அரசே அதைத் தடை செய்தது. அந்தப் பழைய கதைதான் நாடு கடந்து, தலைமுறை கடந்து, இன்று வட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. ஆனால் இன்றைய புறொய்லர் கோழி பெரிதாவதற்கு ஹோர்மோன் தேவையில்லை. வளர்ச்சி ஹோர்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் குடலிலேயே செரித்துப் போகும். ஊசியாகப் போடுவதென்றால் பண்ணையில் இருக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளையும் திரும்பத் திரும்பப் பிடித்துப் போட வேண்டும். எந்தப் பண்ணைக்காரரும் அந்தக் கூலியைக் கட்டி இலாபம் பார்க்க முடியாது.

“அப்ப ஆறு கிழமையில எப்படி இவ்வளவு பெரிசாகுது?” நியாயமான கேள்வி. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 1957ஆம் ஆண்டுக் கோழி இனத்தையும் 1978ஆம் ஆண்டு இனத்தையும் கலப்பில்லாமல் பல்கலைக்கழகம் தொடர்ந்து காப்பாற்றி வைத்திருந்தது. அவற்றோடு 2005ஆம் ஆண்டுக் கடை இனத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீனியைக் கொடுத்து வளர்த்தார்கள். 56ஆம் நாளில் நிறுத்துப் பார்த்தபோது 1957இன் கோழி 905 கிராம், 1978இன் கோழி 1808 கிராம், 2005இன் கோழி 4202 கிராம். ஹோர்மோன் ஊசி இல்லை, தீனியும் ஒன்றுதான். வித்தியாசம் முழுவதும் பரம்பரைத் தெரிவு. நல்ல விதைநெல்லைத் தேர்ந்து வைக்கும் தம்பலகாமத்து விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2014இல் வெளியான ஆய்வு இது.

இன்னொன்று காலக் கணக்கு. சிக்காகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பரிசோதித்து இந்த நோய்நிலையை விவரித்தது 1935இல். புறொய்லர் கோழி ஒரு பெரும் தொழிலாக எழுந்து நின்றது அதற்குப் பிறகு. அதற்கும் முன்னால், 1721இல், இத்தாலியில் வல்லிஸ்னேரி என்ற மருத்துவர் பிள்ளையில்லாத ஓர் இளம் குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்: உடம்பு கொஞ்சம் பருத்தவள், சூலகங்கள் வழமையைவிடப் பெரிதாய், வெள்ளையாய், பளபளப்பாய் இருந்தன. அவள் காலத்துக் கோழி முற்றத்தில் கிண்டித் தின்ற கோழி.

புறொய்லருக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. அதில் அக்கறைப்பட வேண்டியது ஹோர்மோனைவிட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். அதைவிட, எங்கள் பிள்ளைகள் அந்தக் கோழியை எந்த வடிவத்தில் சாப்பிடுகிறார்கள் என்பது: தோலோடு மாவில் பிரட்டிப் பொரித்தது, அல்லது கொத்துரொட்டிக்குள் தேடிப் பிடிக்க வேண்டிய நாலு துண்டு. கோழி அங்கே குற்றவாளி அல்ல, கூட்டாளி.

சரி, பிசிஓஎஸ் என்பது என்ன? “கர்ப்பப்பையில கட்டி” என்று ஊரில் சொல்வது இரண்டு வகையில் பிழை. இடம் கர்ப்பப்பை அல்ல, சூலகம். ஸ்கானில் தெரிவது கட்டியும் அல்ல. வளரத் தொடங்கி நடுவழியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். வெட்டி எடுக்க அங்கே எதுவும் இல்லை. அவை ஏன் நின்றன என்பதற்குப் பல பெண்களில் இன்சுலின் ஒரு முக்கியக் காரணம். உடம்பின் தசைகள் இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. காது கேளாதவரிடம் குரலை உயர்த்துவதுபோல கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசைக்குக் கேட்காத அந்தக் குரல் சூலகத்துக்கு நன்றாகக் கேட்கிறது. அது ஆண் ஹோர்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. ஆண் ஹோர்மோனைக் கட்டிப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் செய்கிறது. அதிக இன்சுலின் அதையும் குறைத்துவிடுகிறது. விளைவு, நாடியில் முடி, முகப்பரு, தலை உச்சியில் முடி மெலிதல், தள்ளிப் போகும் மாதவிடாய். கழுத்து மடிப்பில் வரும் கறுப்பைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அழும் பிள்ளைகள் உண்டு. அது அழுக்கல்ல, இன்சுலின் விட்ட அடையாளம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர் அளவில் இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்கிறார்கள். இலங்கையில் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களிடையே வீடு வீடாகச் செய்து 2008இல் வெளியான ஆய்வில் 6.3 சதவீதம் என்று வந்தது. அந்த ஆய்வுக் குழுவில் இருந்த பேராசிரியர் சந்திரிகா விஜேரத்ன அதற்கு முன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தெற்காசியப் பெண்களையும் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். 2002இல் வந்த முடிவு எங்களுக்கு நல்ல செய்தியல்ல: தெற்காசியப் பெண்களுக்கு அறிகுறிகள் இளவயதிலேயே தொடங்குகின்றன, கடுமையாகவும் இருக்கின்றன, இரத்தத்தில் இன்சுலினும் கூடுதல். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதே எல்லை.

இங்கேதான் சோறும் பாணும் கதைக்குள் வருகின்றன.

சல்லியிலிருந்து நகரத்தைத் தாண்டித் துறைமுகத்தின் உட்கடலைச் சுற்றிப் போனால் சீனன்குடா. அங்கே பிறிமா மா ஆலை நிற்கிறது. 1970களின் கடைசியில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கும் இலங்கை அரசுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் எழுந்து, 1980இல் அரைக்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் இயங்கும் மா ஆலைகளில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. கப்பலில் வந்திறங்கும் கோதுமை இங்கே மாவாகி நாடெங்கும் போகிறது. அதற்கு முன்னும் கோதுமை மா வந்தது, ‘அமெரிக்கன் மா’ என்றே எங்கள் அம்மம்மாமார் அதைச் சொன்னார்கள். ஆனால் விடியற்காலைப் பாணும் பின்னேர ரொட்டியும் ஊருக்குள் பழக்கமாகி வேரூன்றிய காலத்தையும் அந்த ஆலையின் காலத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. அரிசி மாப் புட்டுக்குள்ளும் இடியப்பத்துக்குள்ளும்கூட இன்று கோதுமை மா நுழைந்துவிட்டது. மலிவு, மினுக்கென்று வரும், இடிக்கத் தேவையில்லை. குறை சொல்ல யாரையும் தேடவில்லை. போர்க்காலத்தில் பல வீடுகளைப் பசியில்லாமல் காப்பாற்றியது அந்த மாதான். ஆனால் கடலில் வலை இழுத்தவருக்கு அளந்த தட்டை, தையல் மெஷினுக்கு முன்னாலும் ரியூசன் வாங்கிலும் நாள் முழுக்க இருக்கும் பெண்ணுக்கும் அப்படியே அளக்கிறோம். மலைபோல் சோறு, ஓரத்தில் ஒரு மீன், விரல் நுனியளவு சம்பல்.

பிசிஓஎஸ்ஸுக்கென்று தனியான ‘அற்புத உணவு’ ஒன்று இல்லை. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி, ஒரு உணவுமுறை மற்றதைவிட மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. சமநிலையான, தொடர்ந்து கைக்கொள்ளக்கூடிய எதுவும் நல்லது. அப்படியென்றால் லெபனான் சலாதுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? அதில் மந்திரம் இல்லை. தட்டின் கணக்கைத் தலைகீழாக்கும் வடிவம் இருக்கிறது. இலை மலைபோல், இறைச்சி கணிசமாக, மா ஒரு கைப்பிடி.

லெபனான் எங்களுக்குப் புதிய தேசமும் அல்ல. கிழக்கிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் போனதுபோல பெய்ரூட்டுக்கும் பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். 2006 ஜூலையில் அங்கே போர் மூண்டபோது 80,000 அளவில் இலங்கையர் லெபனானில் இருப்பதாகச் செய்திகள் வந்தன. பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்கள் அனுப்பிய காசு வீடாகவும் படகாகவும் சீதனமாகவும் இங்கே நிற்கிறது. அவர்கள் கற்று வந்த சமையல் மட்டும் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிட்டது. சாம்பல்தீவுப் பக்கம் அப்படிப் போய் வந்த ஓர் அக்காவிடம் பத்தூஷ் தெரியுமா என்று கேட்டேன்.

“அது என்ன பெரிய சாமானே, பிள்ளை? இலைய நறுக்கி, புளிய விட்டு, காஞ்ச ரொட்டியப் பொரிச்சு மேல போடுறதுதானே. தபூலேச் சலாதுக்குத்தான் கை விட்டுப் போகும். அந்த இலைய நூல் மாதிரி வெட்ட வேணும். இல்லாட்டி அந்த வீட்டுக்காரம்மா வாயில வைக்க மாட்டா.”

“இங்க வந்து செய்து பார்த்தீங்களா, அக்கா?”

“ஆர் திண்ணுறது? மாடு திண்ணுறதப் போடுறாள் எண்டு சொல்லுவினம்.”

நாலு பேருக்குச் சமைக்கத் தெரிந்த ஒரு நாட்டுச் சமையலை ‘மாட்டுத் தீனி’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து மூடி வைத்திருக்கிறார். வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணிச் சுண்டலும் சாப்பிட்டு வளர்ந்த நாங்கள் பச்சை இலையைப் பார்த்து இப்படிச் சொல்வது எனக்கு விளங்குவதே இல்லை.

பத்தூஷ் என்பது லெபனான் வீடுகளின் அன்றாடச் சலாது. மிஞ்சிய ரொட்டியை வீணாக்காமல் மொறுமொறுப்பாக்கி, வெள்ளரி, தக்காளி, முள்ளங்கி, புதினா, பார்ஸ்லி இலைகளோடு கலந்து, எலுமிச்சைச் சாறும் ஒலிவ் எண்ணெயும் விட்டு, சுமாக் என்ற புளிப்பான சிவப்புப் பழத்தின் தூளைத் தூவுவார்கள். ஷிஷ் தாவூக் என்பது தயிரிலும் உள்ளியிலும் ஊறவைத்துச் சுட்ட கோழி. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டால் எங்கள் சலாது தயார்.

பத்தூஷில் அவர்கள் தவறாமல் தேடுகிற இலை ஒன்றுண்டு: பாக்லே. தரையோடு படரும், தண்டு சிவப்பு, இலை சின்னதாய்த் தடித்து, கடித்தால் லேசாகப் புளிக்கும். அது வேறொன்றுமல்ல, எங்கள் பருப்புக்கீரை. மழைக்குப் பிறகு மணல் முற்றங்களிலும் மிளகாய்த் தோட்ட வரப்புகளிலும் தானாக முளைத்து, களை என்று பிடுங்கி எறியப்படுவது. 1986இல் ‘நியூ இங்லண்ட்’ மருத்துவ இதழில் ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கீரையைப் பற்றி எழுதினார்: மீன் எண்ணெயோடு நாங்கள் சேர்த்துப் பேசும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு, தரையில் வளரும் இலைகளுக்குள் இதில் நிறைய இருக்கிறது. மீனில் உள்ளதும் இதில் உள்ளதும் ஒரே வகை அல்ல, அதனால் மீனை விட்டுவிடச் சொல்லவில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒன்று, அவ்வளவுதான். பறிக்கும்போது ஒரு கவனம்: தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல, அதேபோலத் தோன்றும் வேறு பூண்டு. தண்ணீர்தான் வர வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கீரையை அளவோடு எடுப்பது நல்லது, இதில் ஒக்சலேற்று அதிகம்.

நாலு பேருக்கு என்று கணக்கு வைப்போம். தோல் நீக்கிய கோழி அரைக் கிலோ. நெஞ்சுப் பகுதி என்றால் நல்லது, காசு பார்ப்பவர்கள் தொடையில் தோலை உரித்துவிட்டு எடுக்கலாம், சுவை இன்னும் கூடும். விரல் தடிப்பில் துண்டாக்கி, நாலு மேசைக்கரண்டி தயிர், அஞ்சாறு பல் உள்ளி தட்டியது, ஒரு தேசிக்காயின் புளி, மிளகுத்தூள், கறுவாத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து ஒரு மணித்தியாலமாவது மூடி வையுங்கள். தயிருக்கு எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் மண்சட்டியில் வருகிறதே, அதைவிட நல்லது பெய்ரூட்டிலும் கிடைக்காது. பாணியும் சீனியும் சேர்க்காதவரை அது இந்தச் சமையலின் முதல் நண்பன்.

தோசைக்கல்லைக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, துண்டுகளை நெருக்காமல் பரப்புங்கள். நெருக்கினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும்; வாட்டிய மணம் வராது. இரண்டு பக்கமும் சிவந்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்புத் தெரியாமல் இருந்தால் போதும்.

இலை வேலை பொறுமையானது. சலாது இலை ஒரு கட்டு, புதினா ஒரு கட்டு, பார்ஸ்லிக்குப் பதில் மல்லி இலை, பருப்புக்கீரையின் நுனி இரண்டு கைப்பிடி. உப்புப் போட்ட தண்ணீரில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தரம். மிக முக்கியம், நன்றாக உலர்த்த வேண்டும். ஈர இலையில் புளியும் எண்ணெயும் ஒட்டாது. கெக்கரிக்காய் இரண்டு, தக்காளி மூன்று, முள்ளங்கி ஒன்று, கறிமிளகாய் இரண்டு, சின்ன வெங்காயம் ஒரு பிடி, எல்லாம் வாயில் தட்டுப்படும் அளவில். பொரித்த ரொட்டிக்குப் பதிலாக அவித்த கடலை ஒரு கோப்பை. பின்னேரம் கடற்கரையில் சுண்டி விற்கிறார்களே, அதே கடலை. லெபனான்காரர்களும் அதை விட்டு ஒரு நாள் இருக்கமாட்டார்கள். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கடலையைச் சட்டியில் உலர வறுத்துப் போடலாம். ரொட்டியே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, ஒரு ரொட்டியை நாலு பேருக்குப் பங்கிட்டு, எண்ணெயில்லாமல் கல்லில் மொறுக வைத்து உடைத்துத் தூவுங்கள்.

சுமாக் இங்கே கிடைக்காது; தேசிப்புளி தாராளமாகப் போதும். ஒலிவ் எண்ணெய் விலையைக் கேட்டு மயங்க வேண்டாம், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. லெபனான் சமையலறையில் ஒலிவுக்கு அடுத்தபடி உள்ள தஹினி என்பதும் எள்ளை அரைத்த விழுதுதான். இரண்டு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, உள்ளி ஒரு பல்லும் தேசிப்புளியும் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு அரைத்தால் எங்கள் ஊர்த் தஹினி. எள்ளு சூடு, மாதவிடாயை வரவைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மாதத்தின் முதல் பாதிக்கு ஒரு விதை, மறுபாதிக்கு எள்ளு என்று இணையத்திலும் இப்போது பெரிய விளம்பரம். அதற்கெல்லாம் நம்பத்தகுந்த சான்று இல்லை. எள்ளை அதன் சுவைக்காகவும் நல்ல கொழுப்புக்காகவும் சாப்பிடுங்கள்.

இப்படிச் செய்தால் ஒருவர் பங்குக்குக் கோழி மட்டும் ஏறத்தாழ 28 கிராம் புரதம் தரும். கடலை இன்னும் கொஞ்சம் சேர்க்கும், நார்ச்சத்தையும் கொண்டு வரும். வெள்ளிக்கிழமையும் கோயில் கொடியேறிய நாட்களும் சைவம் என்பவர்கள் கோழியை விட்டுக் கடலையை இரட்டிப்பாக்கித் தயிரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், கரைவலை இழுக்கும் ஊரில் கோழியைப் பற்றி இவ்வளவு எழுதுவதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அன்று கரையில் ஏறிய பாரையையோ சூரையையோ அறுக்குளாவையோ உப்பும் மிளகும் தேசிப்புளியும் தடவி அதே கல்லில் வாட்டி இதே இலைமேல் வைத்தால், பெய்ரூட்காரரும் தலையாட்டுவார். கோழியின் பெருமை இவ்வளவுதான்: மீன் வாடை பிடிக்காத இளம் பிள்ளைகள் அதைச் சாப்பிடுவார்கள்.

சோறு? விடச் சொல்லவில்லை. எப்போது சாப்பிடுகிறோம் என்பதை மாற்றச் சொல்கிறேன். நியூயோர்க்கின் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு உண்டு. நீரிழிவுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு நாட்களில் இரண்டு ஒழுங்கில் கொடுத்தார்கள். சாப்பாடு என்னவென்றால், பாண், தோடம்பழச்சாறு, தோலில்லாமல் சுட்ட கோழி நெஞ்சு, இலைச் சலாது, அவித்த மரக்கறி. ஒரு நாள் பாணும் சாறும் முதலில். கால் மணி நேரம் கழித்துக் கோழியும் இலையும். மற்ற நாள் இலையும் கோழியும் முதலில், பாண் பின்னால். இலையும் கோழியும் முந்திய நாளில் இரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்தில் 29 சதவீதமும் ஒரு மணி நேரத்தில் 37 சதவீதமும் குறைவாக இருந்தது. இன்சுலினும் குறைவாகவே சுரந்தது. அவர்கள் பிசிஓஎஸ் உள்ளவர்கள் அல்லர், பதினொரு பேர் என்பது பெரிய தொகையும் அல்ல. ஆனால் கதையின் வில்லன் இன்சுலின் என்றால் இதைச் செய்து பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. முதலில் ஒரு கோப்பை சலாது, பிறகு நாட்டரிசிச் சோறு ஒரு அகப்பை. இரண்டாவது அகப்பைக்குப் பெரும்பாலும் வயிற்றில் இடம் இருக்காது.

இந்தச் சமையலில் எனக்குப் பிடித்த இன்னொரு விடயம் சத்துப் பட்டியலில் வராது. கோழிக்கறி சமைக்கும் நாளில் எங்கள் வீடுகளில் பங்கு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தொடை அப்பாவுக்கு, அடுத்த பெரிய துண்டு தம்பிக்கு, அக்காவுக்குக் கழுத்தும் குழம்பும், அம்மாவுக்குச் சட்டி வழித்த சோறு. புரதம் குறைந்து மா கூடிய தட்டு வீட்டில் யாருடையதென்றால், அந்த வருத்தம் வந்திருக்கும் பெண்ணுடையது. சலாதில் கோழியைச் சிறிதாய் வெட்டி இலையோடு கலந்துவிடுவதால் யாருக்கு எது என்று பொறுக்க முடியாது. அவளுக்கென்று தனிப் பத்தியமாக இதைச் செய்யாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் ‘நோயாளிச் சாப்பாடு’ வைத்துவிட்டு மற்றவர்கள் முன்னால் கொத்துரொட்டி பிரித்தால், அந்தச் சலாது ஒரு கிழமைகூடத் தாங்காது. பாரம் பற்றிய நக்கலும் வேண்டாம். பருத்த பிள்ளைகள் தங்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. மெலிந்த பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்களுக்கு எடை குறைக்கும் பேச்சே பொருந்தாது.

சலாது வைத்தியம் அல்ல. வைத்தியர் எழுதிய மெற்போமினையோ ஹோர்மோன் மாத்திரையையோ நிறுத்திவிட்டு இலை நறுக்கத் தொடங்க வேண்டாம். “கலியாணம் கட்டினாச் சரியாயிடும்” என்பதும் வைத்தியம் அல்ல. பலருக்குத் தீர்வுக்குப் பதில், பிள்ளை எப்போது என்ற கேள்விதான் அதில் கூடுதலாக வந்து சேர்கிறது. பிள்ளை பெறுவதற்கும் வழி இருக்கிறது: முட்டை வெளிவர உதவும் லெட்ரசோல் மாத்திரையே இன்று முதல் தெரிவு. 2014இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் அது பழைய மாத்திரையைவிடக் கூடுதல் குழந்தைப் பிறப்புகளைத் தந்தது.

எங்கள் சுகாதார ஏற்பாட்டில் ஒரு இடைவெளியும் உண்டு. கர்ப்பிணியை வீடு தேடி வந்து பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் எங்களுக்குக் கிடைத்த வரம். 35 வயதானவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில், பாடசாலையை விட்டு வந்து இன்னும் கலியாணமாகாத இருபது வயதுப் பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. கலியாணமாகாத பிள்ளையைப் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அங்கே சேர்ந்துகொள்கிறது. ஆகவே அவளாகவே கேட்க வேண்டியிருக்கிறது. அயலிலுள்ள வைத்தியசாலையில் கடிதம் வாங்கித் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகலாம், காசில்லை.

போகும்முன் சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு மாதமும் வந்த நாளைக் குறித்து வையுங்கள். பெரிய பிள்ளையாகி முதல் வருடம் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. மூன்று வருடம் கழிந்தும் 35 நாளுக்கு மேல் தள்ளிப் போவதும், வருடத்தில் எட்டுத் தடவைக்குக் குறைவாக வருவதும் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கானை வைத்துப் பயப்பட வேண்டாம். பதின்ம வயதில் ஸ்கானைக் கொண்டு பிசிஓஎஸ் என்று முடிவெடுக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டி, அந்த வயதுச் சூலகங்கள் இயல்பாகவே அப்படித்தான் தோன்றும். நோய் உறுதியானால் குளுக்கோசு குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். வெறுவயிற்று அளவு மட்டும் சிலவேளை ஏமாற்றும். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு தரமும் வரவில்லை என்றால், வலி இல்லை, தொல்லை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உதிராமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பை உட்சுவர் பின்னாளில் புற்றுநோய்க்கு வழி விடலாம்; அதை உதிரச் செய்ய மாத்திரை இருக்கிறது.

(அடுத்த வாரம்: மூதூர்த் தயிரும் அதன்மேல் நாங்கள் ஊற்றும் பாணியும்)